குரல் உடைஞ்சா பாடக் கூடாதா?



குரல் உடைஞ்சதும், "நீ வாயை மட்டும் அசைடா" என்று என்னைப் போலப் பல பையன்களைச் சொல்லியிருப்பாங்க. இதுக்குப் பேர் மகரக்கட்டு. குரல் கெட்டுப் போகவில்லை. குரல்நாண் நீண்டு தடிப்பதால் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. சுருதியை மாற்றணும், அவ்வளவுதான்! பெண்கள் பெரும்பாலும் 5 கட்டை, ஆண்கள் 1 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள்.

1979-ல் பெங்களூரு ராஜ் நாராயண் எலக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். இன்று அது செல்போனில் இலவச ஆப்பாகவே கிடைக்குது. பாட்டு கிளாஸில் சாரிடம் கேட்டு, 5 கட்டையிலிருந்து அரைக் கட்டை அரைக் கட்டையாக இறக்கிப் பாடிப் பாருங்க. கீழ் 'ப', மேல் 'ஸ' இரண்டும் சிரமமில்லாமல் வந்தால் அதுதான் உங்க கட்டை.

எம்.எஸ்., டி.எம்.எஸ். பிறந்த மதுரைக்காரங்க நாம. பாடாம இருக்கலாமா?