290 வாட்டில் எவ்வளவு விளையாடலாம்?

2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் அது 360 ரூபாயைத் தொட்டது. கணினிப் பாகங்கள் எல்லாமே இறக்குமதி என்பதால், புதிய கேமிங் கணினி என்பது பல இளைஞர்களுக்குக் கைக்கெட்டாத பொருளானது. அதனால் பாவித்த அலுவலகக் கணினி ஒன்றை மலிவாக வாங்கி, அதற்குள் நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் பொருத்தும் வழி பலருக்கும் பிடித்துப்போனது.

கார்ட் தேடி மட்டக்களப்பிலிருந்து உதயதேவி ரயிலில் ஏறி, கொழும்பு பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசா வரை போய் வருவதென்றால் ஒரு நாள் போதாது. அவ்வளவு தூரம் போய் வாங்கி வந்த கார்ட், வீட்டுக் கணினியில் உயிர் பெறாமலே போகலாம். பெட்டியின் மூலையில் யாரும் கவனிக்காமல் இருக்கும் பவர் சப்ளைதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டெல் ஆப்டிபிளக்ஸ் 9020 கணினியின் டவர் வடிவத்தில் இருப்பது 290 வாட் பவர் சப்ளை. அதில் வழக்கமாக வரும் இன்டெல் ஐ5-4590 ப்ரொசசருக்கு 84 வாட். மதர்போர்ட், ரேம், டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் தோராயமாக 50 வாட் ஒதுக்குவோம். இதில் 170 வாட் எடுக்கும் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டைச் சேர்த்தால் மொத்தம் 304 வாட். கணக்கு அங்கேயே உதைக்கிறது. இந்தக் கார்டுக்கு என்விடியா நிறுவனம் பரிந்துரைக்கும் பவர் சப்ளையோ 550 வாட்.

வாட் போதுமானதாக இருந்தாலும் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. மதர்போர்ட் ஸ்லொட் வழியாக ஒரு கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தேவைப்பட்டால் பவர் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் வர வேண்டும். 6 முனைக் கேபிள் 75 வாட்டும், 8 முனைக் கேபிள் 150 வாட்டும் தரும். அலுவலகக் கணினிகள் பலவற்றில் இந்தக் கேபிளே கிடையாது. ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா கேபிளை 8 முனையாக மாற்றித் தரும் மலிவான அடாப்டர்கள் கடைகளில் உண்டு. ஆனால் ஒரு சாட்டா இணைப்பின் 12 வோல்ட் முனைகள் தாங்குவது 54 வாட் மட்டுமே. அதன் வழியே 150 வாட்டை இழுத்தால் பிளாஸ்டிக் உருகும்; தீயும் பற்றலாம்.

சரி, பவர் சப்ளையை மட்டும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஆப்டிபிளக்ஸ் 9020 மதர்போர்டில் சாதாரணக் கணினிகளில் உள்ள 24 முனை இணைப்பு இல்லை. டெல் தனக்கென வைத்துக்கொண்ட 8 முனை இணைப்புத்தான் இருக்கிறது. மாற்றுக் கேபிள் தனியாகத் தேட வேண்டும்.

புதிய பவர் சப்ளை வாங்குவோர் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்பிவிடக் கூடாது. கார்டும் ப்ரொசசரும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் தடத்திலிருந்து. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள அம்பியரை 12 ஆல் பெருக்கினால் உண்மையான பலம் தெரியும். 20 அம்பியர் என்றால் 240 வாட்தான், பெட்டியில் 500 என்று போட்டிருந்தாலும்.

2004இல் தொடங்கிய 80 பிளஸ் சான்றிதழும் வேறொன்றைத்தான் சொல்கிறது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கணினிக்குப் போகிறது என்பதே அதன் அளவீடு. கணினிக்கு 400 வாட் தேவைப்படும்போது 80 சதவீதத் திறன் உள்ளது 500 வாட் இழுக்கும்; 90 சதவீதத் திறன் உள்ளது சுமார் 444 வாட் இழுக்கும். தினம் நான்கு மணிநேரம் விளையாடுபவருக்கு மாதத்தில் ஏறக்குறைய 7 அலகு மிச்சம். லாபம்தான், ஆனால் அது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. ஜிகாபைட் நிறுவனத்தின் 750 வாட் பி750ஜி.எம். மாதிரி தங்கச் சான்றிதழ் பெற்றது. 2021இல் கணினிப் பாகங்களைச் சோதிக்கும் கேமர்ஸ் நெக்சஸ் குழு சோதித்தபோது அந்த மாதிரியில் பல வெடித்துச் செயலிழந்தன. அந்த ஓகஸ்ட்டில் நிறுவனம் மிகைச்சுமைப் பாதுகாப்பு இயங்கும் எல்லையை 120–150 சதவீதத்திலிருந்து 110–120 சதவீதத்துக்குக் குறைத்தது.

மட்டக்களப்பு வாவிக்கரையில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு கவலைகள். ஒன்று, காற்று. கல்லடியிலும் காத்தான்குடியிலும் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். விசிறி உள்ளே இழுக்கும் தூசியோடு சேர்ந்து சர்க்கிட்டின் மேல் மின்சாரம் கடத்தும் படலமாகப் படியும். வெப்பமும் சும்மா இருப்பதில்லை. பவர் சப்ளைக்குள் உள்ள கெப்பாசிட்டரின் சூடு 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். பத்து வருடம் ஓடிய அலுவலகக் கணினியில் 290 வாட் இன்னும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, கரண்ட். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. நுரைச்சோலை அனல்மின் நிலைய இயந்திரங்களும் நின்றுபோனதால் அடுத்த நாட்களில் சுழற்சி முறை மின்வெட்டு வந்தது. இப்படித் திடீரென நிற்கும் கரண்டுக்காகத்தான் வீடுகளில் யூ.பி.எஸ். வைக்கிறார்கள். ஆனால் 650 வி.ஏ. என்று விற்கப்படும் சாதாரண யூ.பி.எஸ். தருவது சுமார் 360 வாட். மேலே சொன்ன 304 வாட் கணினி, 85 சதவீதத் திறனில் சுவரிலிருந்து 358 வாட் எடுக்கும். மொனிட்டரையும் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். கரண்ட் போன நொடியில் யூ.பி.எஸ்.ஸும் சேர்ந்து நின்றுவிடும். கார்டை மாற்றியவர் யூ.பி.எஸ்.ஸையும் மாற்ற வேண்டிவருவது இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை: பவர் சப்ளையைத் திறந்து சுத்தம் செய்ய முயல வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். எர்த் இல்லாத இரண்டு முள் அடாப்டரில் கணினியைச் சொருகுவதும் ஆபத்து.

ஆக, 290 வாட் பெட்டி வைத்திருப்பவருக்குப் பொருத்தமானது தனிக் கேபிள் கேட்காத கார்ட். ஜி.டி.எக்ஸ். 1650இன் கேபிள் தேவைப்படாத மாதிரி 75 வாட். 2024இல் வந்த 6 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3050 வெறும் 70 வாட். இரண்டில் எதைப் போட்டாலும் மொத்தம் 210 வாட்டைத் தாண்டாது. அதற்கு மேல் போக விரும்புவோர் பவர் சப்ளை, மாற்றுக் கேபிள், யூ.பி.எஸ். மூன்றின் விலையையும் கார்டின் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. கடைக்குப் போகும் முன் உங்கள் பவர் சப்ளை லேபிளைக் கைப்பேசியில் படம் பிடித்து எடுத்துச் செல்லுங்கள்.