கழுத்தில் ஒரு கேடயம்

நம் கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக் குழலைத் தழுவியவாறு ஒரு சிறு சுரப்பி அமைந்துள்ளது. கிரேக்க மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லினின்று அதற்குத் 'தைராய்டு' என்னும் பெயர் பிறந்தது. தமிழில் கேடயச் சுரப்பி என்பர். அயோடினைக் கொண்டு அது ஆக்கும் 'தைராக்சின்' குருதியில் கலந்து உடலின் வெப்பத்தையும் வளர்ச்சியையும் அறிவுத் தெளிவையும் காத்து நிற்கிறது.

இச்சுரப்பியின் அருமை, அறியாமையால் நேர்ந்த ஒரு பிழையால் விளங்கிற்று. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், 1874ஆம் ஆண்டில் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழலையை நீக்குகையில் சுரப்பி முழுவதையுமே எடுத்துவிட்டார். ஆண்டுகள் சில கழிந்தன. அவளுடைய தங்கை வளர்ந்து பொலிவுற்று விளங்க, அவளோ குள்ளமாய், அறிவு மங்கிய தோற்றத்துடன் நின்றாள். திடுக்கிட்ட கோக்கர், தம்மிடம் அறுவை செய்துகொண்ட மற்றவர்களையும் அழைத்துப் பார்த்தார். முழுச் சுரப்பியையும் இழந்தோருள் பெரும்பாலோர் அவ்வாறே நலிந்திருந்தனர். அவர் அதனை மறைத்தாரில்லை. 1883இல் மருத்துவ அறிஞர் முன்னிலையில் எடுத்துரைத்தார். இச்சுரப்பி பற்றிய ஆய்வுகளுக்காக 1909இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இனி, பரிகாரம் கிடைத்த வரலாற்றைக் காண்போம். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்னும் மருத்துவர், இச்சுரப்பி செயலிழந்த 46 வயது மாது ஒருவருக்கு ஆட்டின் சுரப்பிச் சாற்றைச் செலுத்தினார். அம்மாது நலம்பெற்று 1919 வரை வாழ்ந்தார். அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன! 1914இல் அமெரிக்கரான கெண்டல் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1927இல் ஹாரிங்டன், பார்ஜர் இருவரும் அதனை ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினர்.

ஆகவே இன்று ஆட்டை நாட வேண்டுவதில்லை. சுரப்பி முழுவதும் நீக்கப்பட்டோர்க்கு நாள்தோறும் ஒரு சிறு மாத்திரை போதும். அதனைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியோ பசியாறலோ கொள்ள வேண்டும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை.

"உடம்புதான் நன்றாக இருக்கிறதே" என்று சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். உடம்பு நன்றாக இருப்பதே அம்மாத்திரையால்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். குருதியிலுள்ள தைராக்சின் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்; ஆதலின் குறை உடனே தோன்றாது. வாரங்கள் சில சென்றபின் சோர்வு, மறதி, குளிர் தாங்காமை ஆகியவை மெல்ல வந்து சூழும். அன்று அச்சிறுமிக்குக் கிட்டாத மருந்து இன்று நம் கைக்கு எட்டியுள்ளது. அளவை மருத்துவர் குருதிச் சோதனையால் வரையறுப்பார். ஒரு நாளும் தவறாமல் உட்கொள்வது நம் கடமையாகும்.