புட்டிக்குள் ஒரு தோட்டம்

1829-ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடி வைத்தார். அம்மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமே முளைக்கக் கண்டு வியந்தார். நகரப் புகையில் அவருடைய தோட்டத்துப் பெரணிகள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. மூடிய புட்டியிலோ, பகலில் எழுந்த நீராவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. டெர்ரேரியம் எனப்படும் புட்டித் தோட்டம் இவ்வாறு பிறந்தது.

எங்கள் ஊர்க் கிணறு வற்றத் தொடங்கியபோது, அதன் சுவரிலிருந்த அடியாண்டம் பெரணிகளும் கருகின. சிலவற்றைப் பெயர்த்து வந்து நானும் ஒரு புட்டித் தோட்டம் அமைத்தேன். வயலில் எருவின் பெருமையைக் கண்டு வளர்ந்தவன் அல்லவா? மக்கிய சாணத்தைத் தாராளமாகக் கலந்தேன். இரண்டே வாரத்தில் பூஞ்சணம் படர்ந்து, வேர்கள் அழுகி, மூடியைத் திறந்தால் சாக்கடை நாற்றம்! நிலத்தில் மிகுந்த நீர் கீழே இறங்கிவிடும்; புட்டிக்கு அடியில் ஓட்டை ஏது?

ஆகவே அடியில் இரண்டு விரற்கடைச் சரளைக்கல் வேண்டும். அது மேல்மண்ணை உலர்த்திவிடும் என எண்ணலாகாது. நுண்ணிய மண் தன் நீரை எளிதில் விடாது. எஞ்சிய நீர் வேரைத் தொடாமல் தங்கக் கல்லிடுக்கு இடம் தருகிறது, அவ்வளவே. சுண்ணாம்புக்கல் எல்லாச் செடிக்கும் ஒத்துவராது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும் கல்லை ஒதுக்கிவிடலாம். மண் கீழே சரியாதபடி கல்லின்மேல் கொசுவலைத் துண்டு போதும்.

கரி போட வேண்டும் என்பர் பலர். நாற்றத்தை ஈர்க்கும் ஆற்றல் கிளர்வூட்டப்பட்ட கரிக்கே மிகுதி, அடுப்புக்கரிக்குக் குறைவு. போட்டால் தீங்கில்லை, சாம்பல் மட்டும் கலத்தலாகாது.

மண்கலவையே உயிர்நாடி. நான் இப்போது இடுவது தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, தோட்டமண் ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். மூன்று நான்கு முறை அலசுதல் நன்று. கடற்கரை மணல் ஆகவே ஆகாது. எருவும் உரமும் அறவே வேண்டா. கள்ளிக்கும் இங்கு இடமில்லை. பெரணி, பாசி, செலாஜினெல்லா போன்ற ஈரவிரும்பிகளே ஏற்றவை. நேர்வெயிலில் வைத்தால் செடிகள் வெந்துவிடும். கண்ணாடி நாள் முழுவதும் வியர்த்திருந்தால் மூடியைச் சற்றுநேரம் திறந்து வைக்கலாம்.

அழுகாமல் தப்பிய ஒரே வேர்த்துண்டை இரண்டாம் புட்டியில் நட்டேன். இப்போது ஐந்து மாதம். நீர் விட்டது இருமுறைதான். கிணறு முற்றிலும் வறண்டுவிட்டது. புட்டியில் சென்ற வாரம் ஓர் இளஞ்சுருள் விரிந்தது.