அறிவும் அறுவடையும்

சமய நூல்களைக் கற்றோர் தொகை எக்காலத்திலும் குறைந்ததில்லை. கற்றதன்படி ஒழுகுவோர் தொகையே எக்காலத்திலும் கேள்விக்குரியதாய் இருந்து வந்திருக்கின்றது. இஃது எந்த ஒரு சமயத்தார்க்கும் தனியே உரிய குறையன்று. கற்றபின் அதற்கு ஏற்ப நிற்றல் வேண்டும் என்பதை வள்ளுவர் ‘கல்வி’ அதிகாரத்தின் முதற் குறளிலேயே வைத்தார். இஸ்லாமிய உலகம் போற்றும் பேரறிஞராகிய இமாம் கஸ்ஸாலி அவர்களும் (1058–1111) தம் மாணவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலே இதனையே வற்புறுத்தினார். பாலைவனத்திற் செல்லும் வீரன் ஒருவனிடம் பத்து வாள்கள் இருக்கின்றன. சிங்கம் ஒன்று அவன்மேற் பாய்கின்றது. வாளை எடுத்து வீசாதவனை அவ்வாள்கள் காப்பாற்றுமா? இதுவே அவர் எழுப்பிய வினா.

அவ்வினாவை ஏட்டிலிருந்து எடுத்து வயலிலே வைத்துப் பார்ப்பதற்குச் சம்மாந்துறை ஏற்ற ஊராகும். கல்முனைக்குத் தென்மேற்கே, கடற்கரையினின்று சற்று உள்ளே, வயல்கள் சூழ அமைந்த ஊர் அது. பள்ளிவாசலும் மதரஸாவும் அங்கு மார்க்க அறிவை ஊட்டுகின்றன. அவ்வறிவு சோதனைக்கு உள்ளாகும் இடமோ அறுவடை முடிந்த வயலாகும்.

இஸ்லாத்தின் ஐந்து கடமைகளுள் ஸகாத்தும் ஒன்று என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். தொழுகையையும் ஸகாத்தையும் திருக்குர்ஆன் பல இடங்களிற் சேர்த்தே கூறுகின்றது. விளைபொருளுக்கு உரிய பங்கை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடுமாறும் அது பணிக்கின்றது. மழையோ ஆறோ தானாக நனைத்து விளைந்ததாயின் பத்தில் ஒரு பங்கு; இறைத்து ஊற்றி விளைந்ததாயின் இருபதில் ஒரு பங்கு. இரண்டும் சரிபாதியாகக் கலந்திருப்பின் பத்தில் ஒரு பங்கின் முக்காற் கூறு போதும். உழைப்பு மிகுந்த இடத்திலே கடமை குறைகின்றது. இந்த நீதி எத்துணை நுட்பமானது!

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் உழவருக்கு 4,000 கிலோ நெல் விளைந்தது என்று வைத்துக்கொள்வோம். மழையால் விளைந்ததாயின் 400 கிலோவும், இறைத்துப் பாய்ச்சியதாயின் 200 கிலோவும் அவருடையதன்று. விளைச்சல் மிகச் சிறிதாயின் கடமையே இல்லை. அதன் எல்லை ஐந்து வஸக், அதாவது 300 ஸாஉ. உமியோடு சேமிக்கப்படும் நெல்லுக்குப் பத்து வஸக் என்பது ஷாபி மத்ஹபின் விதி. உரம், மருந்து, கூலி ஆகிய செலவுகளைக் கழித்த பின்னர்ப் பங்கு பிரிப்பதா, கழிக்குமுன்னரே பிரிப்பதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. குத்தகை நிலமாயின், கொடுக்க வேண்டியவர் பயிரிட்டவரே என்பர் பெரும்பான்மையோர்; நிலத்துக்கு உரியவர் என்பார் இமாம் அபூஹனீபா. ஆகவே, அறிவின்றிச் செயலும் செம்மையுறாது என்பது தெளிவு. கேட்டறிந்து கொடுப்பவனே கடமையை நிறைவேற்றியவனாவான்.

முற்காலத்திலே இக்கடமை கண்முன் நின்றது. வெட்டிய கதிரைச் சூடாக வைத்து, களவெட்டியிலே மாடு கட்டி மிதித்து, தூற்றிக் குவித்தனர். அக்களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லாது ‘பொலி’ என்றே வழங்கினர். மரைக்காலால் அளக்கும்போது பங்கு பிரிப்பதும் எளிது. இல்லாதவர் வந்து நிற்பதைக் காண்பதும் எளிது. இன்றோ அறுவடை இயந்திரம் ஒரே மூச்சில் வெட்டி, அடித்து, தூற்றித் தருகின்றது. வயலிலிருந்தே நெல் மூட்டையாகி வியாபாரியின் லொறியில் ஏறிவிடுகின்றது. உழவரின் கைக்கு வருவது பணம். அதனைக் கடைக்கடனும் வங்கிக்கடனும் எதிர்நோக்கி நிற்கின்றன. ஏழையின் பங்கு குவியலாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனை மனச்சாட்சி ஒன்றே நினைவூட்டவேண்டும்.

சோதனை மேலும் கடுமையான காலமும் உண்டு. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, அடுத்த பெரும்போகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் பெரிதும் குன்றியது. அத்தகைய ஆண்டிலே கொடுக்கவேண்டிய பங்கும் விளைச்சலோடு சேர்ந்தே குறையும் என்பது இவ்விதியின் கருணை. அன்றியும், ஸகாத்தைப் பெறுதற்கு உரியோர் எண்வகையினருள் ஏழைகளோடு கடன்பட்டோரும் உளர். எனவே, ஒரு போகத்திற் கொடுத்த உழவர் மறு போகத்திலே பெறுதற்கு உரியவராகவும் கூடும். இதில் இழிவு ஒன்றும் இல்லை. பெறுவோனுக்கு அஃது உரிமையே அன்றிப் பிச்சையன்று.

ஸகாத் என்னும் சொல்லுக்குத் தூய்மை என்றும் வளர்ச்சி என்றும் பொருள் உண்டு. பங்கு பிரிக்காத செல்வம் வீட்டிலிருந்தாலும் தூய்மை பெறவில்லை என்பது கருத்து. இக்காலத்தில் முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் ஸகாத்தைக் கூட்டாகத் திரட்டிப் பகிரும் அமைப்புகள் இயங்குகின்றன. சில்லறையாகக் கைகளிற் கொடுத்துக் கலைப்பதைவிட, ஒருவருக்குத் தையல் இயந்திரமோ ஒரு தொழிலுக்கு முதலோ கிடைக்கச் செய்தால், அடுத்த ஆண்டில் அவர் கையேந்த வேண்டியதில்லை. கொடுத்தல் என்னும் செயலுக்கும் இவ்வாறு திட்டமும் கணக்கும் தேவைப்படுகின்றன.

அயலூராகிய காரைதீவிலே 1892ஆம் ஆண்டில் தோன்றிய விபுலாநந்த அடிகள் தம் கல்வியைப் பள்ளிக்கூடங்களாக்கி ஏழைச் சிறுவர்க்கு வழங்கினார். சம்மாந்துறை உழவர் தம் மார்க்க அறிவை நெல்லாக்கி வழங்குகின்றார். வழி வேறாயினும், கற்றது பிறர் வீட்டு அடுப்பிலே தெரியவேண்டும் என்பதில் இருவரும் ஒருவரே.

மாணவர்க்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. பரீட்சைக்காக ஐந்து கடமைகளையும் மனனம் செய்வது நன்று. அதனோடு, இந்தப் போகத்தில் வீட்டில் எத்தனை மூட்டை விளைந்தது, நீர் எவ்வாறு பாய்ந்தது, கொடுக்கவேண்டியது எவ்வளவு என்று தந்தையாருடன் அமர்ந்து ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். ஐயம் தோன்றினால் உலமா ஒருவரை அணுகிக் கேளுங்கள். நெல் லொறியில் ஏறுமுன்னர் அந்தக் கணக்கு முடிந்திருக்கட்டும்.