பூனைக்குச் சூடு இல்லை, பயம்

மணல் பெட்டிக்குப் பத்து தடவை போகிறது. ஒவ்வொரு தடவையும் குந்தி முக்குகிறது. வருவது நாலு சொட்டு. அப்புறம் குளியலறைத் தரையிலோ, துவைத்து மடித்த துணியிலோ நனைத்து வைக்கிறது. சில சமயம் அதில் ரத்தமும் தெரியும். "உடம்பு சூடு, மோர் ஊற்று" என்பார் பாட்டி. "கொழுப்பு, வேண்டுமென்றே செய்கிறது" என்பார் அப்பா. பெரும்பாலும் இரண்டுமே இல்லை.

இப்படி நீர்க்கடுப்போடு வரும் பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குச் சோதனையில் கல்லும் இருக்காது, கிருமியும் இருக்காது. காரணம் புலப்படாத இந்தச் சிறுநீர்ப்பை அழற்சிக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது மன அழுத்தம்.

பயம் எப்படிச் சிறுநீர்ப்பைக்குப் போகிறது?

சிறுநீர்ப்பையின் உட்சுவரில் கொழகொழப்பான ஒரு பூச்சு உண்டு. சிறுநீர் நேராகச் சுவரில் படாமல் தடுப்பது அதுதான். இந்த நோய் வரும் பூனைகளுக்கு அந்தப் பூச்சு மெலிந்திருக்கும். பயந்த பூனையின் நரம்புகள் எந்நேரமும் முறுக்கேறி நிற்பதால், சிறுநீர்ப்பைச் சுவர் வீங்கி எரியத் தொடங்குகிறது. பூனை பாலைவன வம்சம். தண்ணீர் குறைவாகவே குடிக்கும், சிறுநீரும் கெட்டியாக இருக்கும். மெலிந்த பூச்சில் கெட்டியான சிறுநீர் பட்டால் புண்ணில் உப்பு வைத்த மாதிரிதான்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழுவினர் 20 நோயுற்ற பூனைகளையும் 12 நலமான பூனைகளையும் 77 வாரங்கள் கவனித்தார்கள். சாப்பாட்டு நேரம் மாறினாலோ, பழகிய பராமரிப்பாளர் வராவிட்டாலோ, நலமான பூனைகளும் வாந்தி எடுத்தன, பெட்டிக்கு வெளியே நனைத்தன. நமக்கு அற்பமாகத் தெரியும் மாற்றம் பூனைக்கு அப்படியில்லை.

நம்ம ஊரில் எது பயமுறுத்தும்?

தீபாவளி வெடி முதல் காரணம். அதை ஒட்டியே வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தெரு மணலிலும் மரத்தடியிலும் போய்ப் பழகிய பூனைக்கு அப்படிப்பட்ட நாளில் காய்ந்த இடம் ஏது? அடக்கிக்கொண்டு கிடக்கும். இவை தவிர வீட்டுக்கு வெள்ளையடிப்பது, சனி ஞாயிறு வந்து தங்கும் விருந்தாளிகள், ஒட்டி ஒட்டி இருக்கும் மொட்டைமாடிகளைத் தாண்டி வந்து ஜன்னலில் உறுமும் பக்கத்துத் தெருக் கடுவன் என்று பட்டியல் நீளும்.

எப்போது ஓட வேண்டும்?

கடுவன் பூனை முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லையென்றால் அது நீர்க்கட்டு. ஆணுக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல் என்பதால் எளிதில் அடைத்துக்கொள்ளும். வெளியேறாத சிறுநீரால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடலாம்; ஓரிரண்டு நாளில் உயிரே போய்விடும். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். விடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். பக்கத்து மருத்துவரிடமோ, புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உடனே கொண்டுபோங்கள்.

மனிதர்களுக்கான பாராசிட்டமால் பூனைக்கு விஷம். கால் மாத்திரைகூடக் கூடாது. கிருமியே இல்லாத நோய்க்குப் பழைய ஆன்டிபயாடிக் மாத்திரையும் உதவாது. பெட்டைப் பூனையானாலும், ரத்தம் தெரிந்தால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெட்டி: பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வையுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி, மூன்றும் வேறு வேறு இடத்தில். அகலமான பிளாஸ்டிக் பேசினில் காய்ந்த மணல் போதும். வாஷிங் மெஷின் பக்கத்தில் வேண்டாம். தினமும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். வெளியே போகும் பூனைக்கும் மழைக்காலத்தில் உள்ளே ஒரு பெட்டி வேண்டும்.

தண்ணீர்: காய்ந்த உணவு மட்டுமே போடாமல், ஈரமான சாப்பாட்டைச் சேருங்கள். உப்பு, மசாலா, வெங்காயம் போடாமல் மீனை வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் சேர்த்துக் கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் பெட்டிக்குத் தள்ளியே இருக்கட்டும்.

ஒளிவிடம்: அலமாரி மேல்தட்டு, கவிழ்த்த அட்டைப்பெட்டி, கட்டிலுக்கு அடியில் பழைய புடவை என ஏதாவது ஒன்று. தீபாவளிக்குச் சில நாள் முன்பே உள்ளறையில் தயார் செய்துவிடுங்கள்.

ஒழுங்கு: சாப்பாடும் விளையாட்டும் தினமும் ஒரே நேரத்தில். நனைத்ததற்காக அடித்தால் பயம்தான் கூடும், நோயும் அதோடு கூடும்.

இந்த மாற்றங்களுக்குப் பலன் உண்டு. பஃபிங்டன் குழு 46 வீட்டுப் பூனைகளின் சூழலைத்தான் மாற்றியது. 10 மாதம் தொடர்ந்து கவனித்ததில் சிறுநீர்த் தொல்லையும் பயமும் கணிசமாகக் குறைந்தன. அதன் முடிவு 2006இல் வெளியானது.

அடைப்பு இல்லாத கடுப்பு பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே அடங்கும். மோர் குடித்துச் சரியானது என்று நாம் நம்புவது அதனால்தான். ஆனால் திரும்பி வரும். அதனால் கடுப்பு வந்த தேதியைக் காலண்டரில் குறித்து, முந்தைய வாரம் வீட்டில் என்ன மாறியது என்றும் பக்கத்தில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் கிழித்துக் கொண்டுபோங்கள். வாய் பேசாத நோயாளியின் வாக்குமூலம் அதில்தான் இருக்கும்.