நுண்ணோவியமும் தூரிகையும்

தூரிகையைப் பண்டைத் தமிழர் ‘துகிலிகை’ என்றும் வழங்கினர். பாதிரி மலருக்குச் செவ்வரக்கு தோய்ந்த துகிலிகையை உவமையாகக் கூறுகிறது நற்றிணை.

காரைக்கால் அமைந்துள்ள காவிரிப் படுகை, ஓவியக்கலை செழித்த நிலமாகும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் தஞ்சை ஓவியர் ஐரோப்பியருக்காகத் தொழிலாளர், திருவிழா, தெய்வ உருவங்களைத் தாளில் சிறு ஓவியங்களாகத் தீட்டினர். திருச்சிராப்பள்ளியில் மெல்லிய அப்பிரகத் தகடுகளிலும் அவை வரையப்பெற்றன. கண்ணிமை, அணிகலன் முதலிய நுட்பங்களுக்குக் கூரிய மயிர்த்தூரிகை இன்றியமையாதது.

மிக மெல்லிய தூரிகையே சிறந்தது எனக் கருதுவது பிழை. அதில் வண்ணம் குறைவாகவே தங்குவதால், கோடு முடியுமுன் உலர்ந்துவிடும். நடுப்பகுதி பருத்து, நுனி கூர்மையாக இருப்பதே ஏற்றது. இயற்கை மயிரின் மேற்பரப்பிலுள்ள நுண்செதில்கள் நீரைத் தாங்குகின்றன. தூரிகையை நீரில் தோய்த்து உதறினால் மயிர்கள் ஒரே கூராகக் குவிதல் வேண்டும். வளைத்து விட்டால் நிமிர்தல் வேண்டும். பூணிலிருந்து மயிர் உதிர்தல் கூடாது.

தரத்தோடு அறமும் நோக்கத்தக்கது. கீரிமயிர்த் தூரிகைக்காகக் கீரிகள் கொல்லப்படுகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கீரி பாதுகாக்கப்பட்ட உயிரினமாகும். அதனை வேட்டையாடுதலும் அதன் மயிரால் தூரிகை செய்து விற்றலும் குற்றம். கருமையும் வெளிர்மஞ்சளும் மாறிமாறி அமைந்த மயிர் கீரியினுடையதாக இருக்கலாம். அத்தகைய தூரிகையைத் தவிர்த்தல் வேண்டும். இன்று கூரிய நுனியுடைய நைலான் தூரிகைகளும் கிடைக்கின்றன. நுண்ணிய கோட்டிற்காக ஓர் உயிர் மாய வேண்டியதில்லை.