அடுத்த பாங்கு வரை

எங்கள் கம்பெனியில் உள்ளே நுழையும் முன் கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவியை வாங்கிக்கொண்டு மெட்டல் டிடெக்டரைக் கடந்தால், ஷிஃப்ட் முடியும்வரை அதைக் கண்ணால் பார்க்க முடியாது. உள்ளே நாங்கள் செய்வதும் கைப்பேசிதான். டெஸ்டிங்கில் நிற்பவள் நான். நாள் முழுக்கத் திரைகள் என் விரலுக்குக் கீழே ஒளிர்ந்து அணையும். அவற்றில் ஒன்றுகூட என்னை எதையும் பார்க்கச் சொல்லிக் கூப்பிடாது.

ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் எல்லா முகங்களிலும் வெளிச்சம் விழும். சுங்குவார்சத்திரம் வந்து இறங்கும்வரை யாரும் தலை தூக்குவதில்லை. எட்டு மணி நேரம் நாங்கள் கட்டுப்பாடாக இருந்தோம் என்று சொல்ல முடியுமா? கட்டுப்படுத்தியது பூட்டு. பூட்டு இல்லாத இடத்தில் நம்மை நாமே நிறுத்திக்கொள்வதற்குத்தான் எங்கள் மார்க்கத்தில் சபூர் என்று பெயர்.

வீராணம் ஏரிக்கரையில் உள்ள லால்பேட்டை என் ஊர். வேலைக்காக வந்து இந்தப் பக்கத்தில் தங்கிவிட்ட ஆயிரக்கணக்கான பெண்களில் நானும் ஒருத்தி. 2006-ல் நோக்கியா ஆலை வந்தபோதே ஸ்ரீபெரும்புதூர் கைப்பேசிகளின் ஊராகிவிட்டது. 2014-ல் அது மூடப்பட்டாலும் தொழில் போகவில்லை. இன்று ஐபோன்கள் இங்கிருந்து உலகத்துக்குப் போகின்றன. ஒரகடம் பக்கம் போனால் கார், லாரி, புல்லட். ஊரை விட்டு வந்து வாடகை அறையிலும் ஹாஸ்டலிலும் இருக்கும் எங்களுக்குக் கைப்பேசிதான் அம்மாவின் குரல், சம்பளம் வந்த செய்தி, தனிமைக்குத் துணை. அதைத் தூக்கி எறியுங்கள் என்று யாராவது சொன்னால் நான் கேட்க மாட்டேன். ஆனால் அது என்னை என்ன செய்ய வைத்தது என்பதை மறைக்கவும் மாட்டேன்.

2021 டிசம்பர். இங்குள்ள ஒரு கைப்பேசித் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த ஹாஸ்டலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தோழிகளுக்கே சரியாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியில் சிலர் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. 17-ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாளும் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை, அது வதந்தி என்று பிறகுதான் உறுதியானது.

அந்த இரவு அழுகுரலோடு ஒரு வாய்ஸ் நோட் எனக்கும் வந்தது. பாதிதான் கேட்டேன். நெஞ்சு படபடக்க, ஊர்ப் பெண்கள் இருக்கும் குரூப்புக்கு அனுப்பிவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ஊரில் எங்கள் அடுத்த தெரு அக்காவின் மகள் அந்த ஹாஸ்டலில் இருந்தாள். என் ஃபார்வேர்டைக் கேட்ட அக்கா, மகளுக்குப் போன் அடித்துப் பார்த்திருக்கிறார். சுவிட்ச் ஆஃப். விடிய விடிய அடித்து, விடிந்ததும் பஸ் ஏற வந்த இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். மகள் சார்ஜ் தீர்ந்த கைப்பேசியோடு குளுக்கோஸ் ஏறும் கட்டிலில் உயிரோடுதான் இருந்தாள்.

குர்ஆனின் 49-வது அத்தியாயம் அல்ஹுஜுராத். ஆறாவது வசனத்தைச் சின்ன வயதில் மதரஸாவில் ஓதியிருக்கிறேன். தீயவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், இல்லையென்றால் அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்துவீர்கள் என்பது அதன் கருத்து. அந்த வருத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காதில் விழுந்ததையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்று நபிமொழியும் இருக்கிறது. பொய்யை உண்டாக்கியவள் நான் இல்லை, கடத்திவிட்டவள்தான். அதற்கும் கணக்கு உண்டு.

இப்படி நடப்பது எங்களுக்கு மட்டுமில்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தைக் குழந்தை கடத்துபவர்கள் என்று நினைத்துக் கூட்டம் அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். அதற்கு முன் பல நாட்களாக அந்தப் பகுதியின் கைப்பேசிகளில் கடத்தல் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. நாடெங்கும் இப்படி உயிர்கள் போன பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி செய்தது. 2020-ல், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று மேலும் இறுக்கியது. அதுவும் லாக்கர் மாதிரிதான். வெளியிலிருந்து போட்ட பூட்டு.

சபூர் என்றால் வந்ததைத் தாங்கிக்கொள்வது என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். அந்த அரபுச் சொல்லின் வேர் தடுத்து நிறுத்துவதைக் குறிக்கிறது. கையை, நாவை, கோபத்தை நிறுத்துவது. ஒரு கப்ரின் (கல்லறையின்) பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் நபி பெருமானார் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். யார் என்று தெரியாமல் அவள் கடிந்து பேசிவிட்டாள். பிறகு தெரிந்து தேடி வந்தபோது, பொறுமை என்பது முதல் அடி விழும் நேரத்தில் இருப்பது என்று விளக்கினார்கள். புகாரி நபிமொழித் தொகுப்பில் வரும் செய்தி இது. அதைப் படிக்கும்போதெல்லாம் என் கட்டைவிரல்தான் நினைவுக்கு வருகிறது. செய்தி வந்து விழுவதற்கும் அதை அனுப்புவதற்கும் நடுவில் இருக்கும் இரண்டு நொடிதான் எனக்கு அந்த முதல் அடி.

அந்த இரண்டு நொடியையும் பறிக்கிற மாதிரிதான் இந்தச் செயலிகளைச் செய்திருக்கிறார்கள். தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் ஓடும் திரையை 2006-ல் வடிவமைத்தவர் அஸா ரஸ்கின். பிறகு அவரே அதற்காக வெளிப்படையாக வருந்தினார். பக்கம் முடிந்தால் மனம் ஒரு கணம் நின்று போதுமா என்று கேட்கும். முடிவே இல்லாவிட்டால் அந்தக் கேள்வி எழாது. தொழுகைக்கு முடிவு உண்டு, சலாம் கொடுத்தால் முடிந்தது. நோன்புக்கும் உண்டு, மாலைத் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கோடு முடிந்தது. இந்த வணக்கங்கள் இரண்டுமே நேரத்தால் வரம்பு கட்டியவை.

அதிலிருந்துதான் எனக்கு நானே ஒரு விதி வைத்தேன். பதறவைக்கும் செய்தியோ கோபமூட்டும் செய்தியோ வந்தால் அடுத்த பாங்கு வரை அதைத் தொடுவதில்லை. பாங்கு சொல்வதும் இதே கைப்பேசிதான். தொழுதுவிட்டு வந்து பார்ப்பேன். சம்பந்தப்பட்டவர் யாரோ அவரைக் கூப்பிட்டுக் கேட்பேன். பெரும்பாலும் அதற்குள் அனுப்ப வேண்டும் என்ற சூடே ஆறியிருக்கும்.

900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி, மனத்தை ஒரு வியாபாரக் கூட்டாளிபோல நடத்தச் சொல்கிறார். காலையில் அதனிடம் நிபந்தனை பேசு, பகலில் கண்காணி, இரவில் கணக்குக் கேள். லைனில் வேலை செய்பவளுக்கு இது புதிதில்லை. ஷிஃப்ட் தொடக்கத்தில் டார்கெட், நடுவில் செக்கிங், முடிவில் எண்ணிக்கை. அதையே நான் படுக்கும் முன் செய்கிறேன். இன்று எத்தனை நேரம் பார்த்தேன் என்று கைப்பேசியே காட்டிவிடும். முதல் வாரம் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ரமலானில் ஒரு மணி நேரத்துக்குள் வந்தது. ஹலாலான தண்ணீரையே பகல் முழுக்கத் தொடாதவளுக்கு ரீல்ஸை விட முடியாதா என்று கேட்டுக்கொண்டேன். பெருநாள் கழிந்ததும் நேரம் மறுபடி ஏறியது. மறுபடி இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அநியாயத்தைக் கண்டு வாய் மூடி இருப்பது சபூர் இல்லை. அன்று சாலையில் உட்கார்ந்த பெண்களுக்கு நல்ல சாப்பாடு கேட்க முழு உரிமை இருந்தது. பொய்ச் செய்தி அந்தக் குரலுக்குப் பலம் சேர்க்கவில்லை. மெய்யான குறையைச் சொல்ல மெய்யே போதும்.

மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதர் மன்னிக்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கம். அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது அக்கா வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்தேன். அவர் தேநீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “விடும்மா. ஆனா என் நம்பர் ஒன்கிட்ட இருந்துச்சுல்ல? குரூப்புல போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே” என்றார்.

இப்போதெல்லாம் பாங்கு முடிந்து கைப்பேசியை எடுக்கும்போது அந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. யாருடைய வீட்டுக்குப் போகப்போகிற செய்தி இது, அவரை நான் கூப்பிட்டுக் கேட்டேனா?